தம்பியை எங்கே சேர்ப்பது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது. அம்மா காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்துவிட்டு மஞ்சள் கயிற்றை எடுத்தாள். தம்பியின் ஒன்பது வயது மகள் தன் அப்பாவிடம் கையை நீட்டினாள். "நீ கட்டிவிடுப்பா."

தம்பி கட்டப் பார்த்தான். கயிற்றின் நுனி விரலை விட்டு நழுவியது. மறுபடி எடுத்தான். இரண்டு கையும் ஆடின, முடிச்சுக்குள் நுனி போகவில்லை. மூன்றாம் முறை கயிறு ஈரப்படியில் விழுந்தது. குழந்தை குனிந்து எடுத்து, ஒன்றும் சொல்லாமல் தன் அம்மாவிடம் கொடுத்தாள்.

துவாக்குடியில் கொதிகலன் குழாய்களுக்கு ஒட்டு வைக்கிறவன் அவன். கொதிகலன் வேலைக்கான ஐபிஆர் தேர்வில் தேறிய வெல்டர். அவன் வைத்த ஒட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குறையில்லை என்று எழுதிக்கொடுத்த தாள்களை முன்பெல்லாம் என்னிடம் கொண்டுவந்து காட்டுவான். "ஆத்துக்கு வரப்ப மட்டும் குடிக்காம வாடா" என்று அம்மா கேட்டுக்கொண்டதால் இன்று காலை அவன் குடிக்கவில்லை. அதனால்தான் கை ஆடியது. மணி அப்போது ஒன்பதரை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, இனிமே என்னால முடியாது. எங்கயாவது சேத்துடலாம்."

விசாரிக்கிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கூட்டுறவு வங்கியில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கேட்பதையும் பார்ப்பதையும் எழுதி வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த வழி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதிய இடைவேளையில் ஏழு மறுவாழ்வு மையங்களுக்குப் பேசினேன். எல்லோரும் முதலில் கேட்டது, "பேஷண்ட் வர சம்மதிக்கிறாரா?" அடுத்தது பணம். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறான், கடைசியாக எப்போது குடித்தான், சர்க்கரை இருக்கிறதா, ஈரல் எப்படி இருக்கிறது, வலிப்பு வந்ததுண்டா என்று ஏழு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாவதாகப் பேசியவர் மிகவும் அன்பாகப் பேசினார். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம பசங்க நாலு பேரு வண்டியில வருவாங்க. கதவைத் திறந்துவிட்டாப் போதும், தூக்கிட்டு வந்துடுவோம். ஆறு மாசம் கட்டாயம். மொத மூணு மாசம் பாக்க வரக்கூடாது, போனும் கிடையாது. மாசம் 12,000."

நான் உடனே மறுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று மாதம் நடுராத்திரியில் போன் வராது, பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடக்கிறான் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற நினைப்பு ஒரு நிமிடம் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதை இங்கே எழுதிவிடுகிறேன். களைத்துப் போன குடும்பம் இப்படித்தான் கதவைத் திறந்துவிடுகிறது.

இன்னொருவர் மையமே வேண்டாம், குடிக்கிறவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்க மாத்திரை கூரியரில் அனுப்புகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

பேரேட்டில் தேதி போடும்போதுதான் உறைத்தது. 2001-ல் இதே ஆகஸ்ட் 6, விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களையும் அக்காவோ அண்ணனோ அம்மாவோதான் அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள், குணமாகிவிடும் என்று நம்பி.

மூன்றாவதாகப் பேசிய அந்த ஆளைக் கூப்பிட்டு வண்டி வேண்டாம் என்று சொன்னேன். இடத்தை நேரில் பார்க்க வருகிறோம் என்றேன். சனிக்கிழமை வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 9, சனி

என் வீட்டுக்காரரும் நானும் போனோம். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மாடி வீடு. கேட்டில் பூட்டு வெளிப்பக்கமாகத் தொங்கியது. உள்ளே ஒரே கூடத்தில் முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் மொட்டைத் தலை, ஒரே நிறத்தில் சட்டை. பினாயில் வாடை. மூலையில் நாலு பேர் ஒரு குண்டான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "இதுவும் ட்ரீட்மெண்ட்தான் மேடம், ஒழுக்கம் வரணும்ல" என்றார் நடத்துகிறவர்.

டாக்டர்? வாரம் ஒரு தடவை வருவார். நர்ஸ்? குடியை விட்ட பையன்களே பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி வலிப்பு வந்தால்? "பசங்களுக்குப் பழக்கம்தான். சாவியைக் கையில குடுத்துடுவாங்க."

பதிவுச் சான்றிதழைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து வந்தார். அது அறக்கட்டளையைப் பதிவு செய்த பத்திரம். தினமும் பத்திரம் பார்க்கிற எனக்கு அது தெரியும். நோயாளியை உள்ளே வைத்துச் சிகிச்சை தர மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும், அது இருக்கிறதா என்றேன். "அப்ளை பண்ணிருக்கோம்."

கிளம்பும்போது வெங்காயம் உரித்த ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், தலையைத் தூக்காமலே மெதுவாகக் கேட்டான். "இன்னைக்கு என்ன தேதிக்கா?"

சொன்னேன். அவன் உதடு அசைந்தது, எதையோ எண்ணினான். வீட்டுக்கு வரும்வரை நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளவில்லை.

ராத்திரி சட்டத்தைத் தேடிப் படித்தேன். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடி, போதைப் பொருளால் வருகிற மனநலக் கோளாறும் அதற்குள் அடங்கும். கட்டாயப்படுத்தித் தலையை மழிக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. சொந்தத் துணி உடுத்த விட வேண்டும். வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் கூலி தர வேண்டும். எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது. முடிவெடுக்கும் நிலையில் ஒருவர் இல்லை என்றால் குடும்பத்தார் வழியாகச் சேர்க்கலாம்தான். ஆனால் இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாளுக்குத்தான். ராத்திரி இரண்டு மணி வண்டிக்கு இதில் எங்கும் இடமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு. ஓபி சீட்டு போட்டுவிட்டு நானும் தம்பி மனைவியும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். டாக்டருக்கு என் மகள் வயதுதான். எந்த மையம் நல்ல மையம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி போட்டார்.

"காலையில எழுந்ததும் குடிச்சாத்தான் கை நிக்குதா?"

ஆமாம் என்றாள் அவள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. அதனால் முதல் நாள் வாங்கியதில் ஒரு கட்டிங் மிச்சம் வைத்து பாத்ரூம் பரணில் ஒளித்துவைப்பான். காலை ஆறு மணிக்கு அது உள்ளே போன பிறகுதான் பல் தேய்ப்பான்.

"அப்ப மையம் ரெண்டாவது. மொதல்ல உடம்பு."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வருடக் கணக்காகத் தினமும் குடிக்கிற உடம்பில் மூளை அந்தச் சாராயத்துக்கு ஈடு கொடுத்து, எப்போதும் முறுக்கேறிய நிலையில் நிற்கப் பழகியிருக்கும். குடியைச் சட்டென்று எடுத்துவிட்டால் முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குச் சித்தம் கலங்கும், இல்லாதது தெரியும், காய்ச்சல் ஏறும், இதயம் படபடக்கும். பார்க்காமல் விட்டால் உயிர் போகும். மாத்திரையும் ஊசியும் கொடுத்துப் படிப்படியாக இறக்கினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் கடந்துவிடலாம்.

"இந்த ஒரு வாரம் டாக்டரும் நர்சும் ராத்திரியும் இருக்கற எடத்துல இருக்கணும்மா. மத்ததெல்லாம் அப்புறம். வீட்ல நீங்களா திடீர்னு நிறுத்த வெச்சிடாதீங்க."

காபியில் கலக்கிற மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். அவர் முகம் மாறியது. அது டைசல்ஃபிராம் ஆக இருக்கலாம் என்றார். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிரே போய்விடும். குடிக்கக் கூடாது என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு சாப்பிடுகிறவருக்கு மட்டும்தான் அது மருந்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயங்காலம் அவன் வீட்டு மொட்டைமாடியில் பேசினேன். புத்தி சொல்வதில்லை என்று தீர்மானித்துத்தான் போனேன். படித்துறையில் கயிறு விழுந்ததைச் சொன்னேன். அவன் வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு மாசமா டிக் வெல்டிங் எனக்குத் தர்றதில்லக்கா, கை ஆடுதுன்னு. கிரைண்டிங் மட்டும்தான்."

எனக்கு இது தெரியாது. அவன் மனைவிக்கும் தெரியாது.

"அடைச்சு வைக்கிற எடத்துக்கு வர மாட்டேன். ஆஸ்பத்திரின்னா வர்றேன். கையை நிறுத்திக் குடுக்கச் சொல்லு."

ஆகஸ்ட் 13, புதன்

வந்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை டாக்டர் அவனிடமே கேட்டு நிரப்பினார். மொத்தம் நாற்பது மதிப்பெண், இருபதோ அதற்கு மேலோ வந்தால் குடிக்கு அடிமையாகியிருக்கும் அறிகுறி. அவனுக்கு 29. அவன் அதைக் கேட்டுத் தலை குனிந்தபோது டாக்டர் சொன்னார், "இது மார்க் ஷீட் இல்லண்ணே. சுகர் ரிப்போர்ட் மாதிரி."

சனிக்கிழமை வரை ஒரு ஆர்டர் முடிக்க வேண்டியிருக்கிறது, திங்கள் 18-ஆம் தேதி சேர்கிறேன் என்று கேட்டுக்கொண்டான். அதுவரை கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம் என்று டாக்டர் மறுபடி மறுபடி சொல்லி அனுப்பினார்.

2019-ல் எய்ம்ஸ் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வறிக்கையைப் படித்தேன். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெறுகிறவர் 180-ல் ஒருவர். அந்த ஒருவராக என் தம்பி வரச் சம்மதித்திருக்கிறான்.

ஆகஸ்ட் 16, சனி

என் கை நடுக்கம் ஓயவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நேற்று சுதந்திர தினம். கடைகள் மூடல். அதற்காகத்தான் வியாழன் அன்றே அவன் ஒரு குவாட்டர் அதிகம் வாங்கிப் பரணில் வைத்திருந்தான். அம்மா அங்கே தங்கியிருந்தாள். இரவில் அதைக் கண்டெடுத்து வாஷ்பேசினில் ஊற்றிவிட்டாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்? டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. தம்பி மனைவியிடம் பேசினேன், அவனிடம் பேசினேன், என் வீட்டுக்காரரிடம் பேசினேன். அம்மாவுக்கு எதற்கு இந்த விவரமெல்லாம் என்று விட்டுவிட்டேன். பிசகு என்னுடையது.

நேற்று முழுவதும் வியர்த்து வியர்த்துக் கிடந்திருக்கிறான். இன்று விடியற்காலை நாலரைக்கு வலிப்பு. கடைசியாகக் குடித்தது வியாழன் இரவு ஒன்பது மணிக்கு. முப்பத்தொன்றரை மணி நேரம். டாக்டர் சொன்ன கணக்குக்குள்தான். அம்மா சாவிக்கொத்தைத் தேடி ஓடியிருக்கிறாள். நல்லவேளை, அவன் மனைவி ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்கு அடித்துவிட்டாள்.

கேஷுவால்டியில் முதலில் தயாமின் ஊசி போட்டார்கள், அதற்கப்புறம்தான் குளுக்கோஸ். வருடக் கணக்கில் குடித்த உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப் போயிருக்கும், அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். "களைப்பா இருக்கான், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு வா" என்று அவனை நானே இரண்டு முறை தெருமுனை கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று இரவு வார்டில் நான் துணைக்கு இருந்தேன். பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தான். போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தான். "பொறி விழுதுக்கா. துணி பத்திக்கும். அந்த சிலிண்டரை நகத்தச் சொல்லு." பிறகு கண்ணை இடுக்கி, இடது கையில் இல்லாத கம்பியைப் பிடித்து, வலது கையில் இல்லாத டார்ச்சைப் பிடித்து, கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு அங்குலம் அங்குலமாக ஒட்டு வைத்துக்கொண்டு போனான். அப்படி ஒரு கவனம் அந்த முகத்தில். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், இரண்டு தடவை டாக்டரைக் கூப்பிட்டார். ஊசி போட்டார்கள். மூன்றரைக்குத் தூங்கினான்.

அந்த நெடுஞ்சாலை வீட்டை நினைத்துக்கொண்டேன். இந்த இரவை அங்கே அவன் எப்படிக் கழித்திருப்பான்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

கை நின்றுவிட்டது. டம்ளரை ஒரே கையில் பிடித்துக் காபி குடித்தான். அம்மாவுக்கு அதுவே போதும், வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்கிறாள். உடம்பு தெளிந்ததைக் குணமானது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டர். அடுத்தது என்ன என்று எங்கள் நாலு பேரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார்.

அமெரிக்காவில் அடிமைநோய் மருத்துவர்களின் சங்கம் 1991-ல் ஒரு முறையை வகுத்ததாம். ஒருவருக்கு எந்த அளவு சிகிச்சை என்று முடிவு செய்ய ஆறு கோணங்களில் பார்ப்பார்கள். குடியை நிறுத்தினால் உடனடி ஆபத்து உண்டா? வேறு உடல்நோய் என்ன? மனச்சோர்வு, பயம், தற்கொலை எண்ணம் மாதிரி ஏதாவது இருக்கிறதா? மாறுவதற்கு அவரே எவ்வளவு தயார்? விட்டால் மறுபடி தொடங்கும் வாய்ப்பு எவ்வளவு? அவர் திரும்பிப் போகிற வீடும் தெருவும் வேலையிடமும் எப்படி?

முதல் கேள்வி ஆஸ்பத்திரியில் முடிந்தது. ஈரல் வீங்கியிருக்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை. மனம் சோர்ந்திருக்கிறது, அதற்கு மாத்திரை தொடங்கியாகிவிட்டது. அவன் தயார்தான். சிக்கல் கடைசி இரண்டில். ஏற்கெனவே இரண்டு முறை மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் இருந்து, மாலையைக் கழற்றிய அன்றே குடித்தவன். வீட்டிலிருந்து கடை முந்நூறு மீட்டர். பட்டறையில் கூட வேலை செய்கிற ஐந்து பேரும் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக அங்கேதான் போவார்கள். அதனால் இவனுக்கு ஒரு மாதம் தங்கிப் பெறுகிற சிகிச்சை நல்லது என்றார்.

எல்லோருக்கும் அது தேவையில்லை என்பதையும் சொன்னார். நடுக்கம் இல்லாதவர், வீட்டில் துணை உள்ளவர், வேலையை விட முடியாதவர், வாரம் ஒருநாள் வெளிநோயாளியாக வந்து மருந்தும் ஆலோசனையும் பெற்றே குடியை விட்டிருக்கிறார்கள். அது போதாதென்றால் வாரம் மூன்று நான்கு நாள் பகலில் வந்து போகலாம். அதுவும் போதாதவர் தங்கிப் பெறட்டும். ஏறியவர் இறங்கலாம், இறங்கியவர் தேவைப்பட்டால் மறுபடி ஏறலாம். அதிக நாள் அடைத்து வைத்தால் அதிகக் குணம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அளவு நோயாளியைப் பார்த்து வர வேண்டும், வீட்டாரின் கோபத்தைப் பார்த்து வரக் கூடாது.

தங்குமிடம் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும் என்றேன். அவர் ஒன்றுதான் சொன்னார்: "டிஸ்சார்ஜுக்கு அடுத்த நாள் இவருக்கு என்ன திட்டம்னு கேளுங்க. பதில் இருந்தா மத்த விஷயமெல்லாம் ஓரளவு சரியாத்தான் இருக்கும்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டு இடம் பார்த்தோம். முதலாவது 28 நாளுக்கு 95,000. ஏசி அறை, புல்தரை, யோகா கூடம், டாக்டரும் உண்டு. டிஸ்சார்ஜுக்கு அடுத்த நாள் என்ன என்று கேட்டதும் வரவேற்பில் இருந்த பெண் புரியாமல் பார்த்தாள். "அதான் குணமாயிடுவாங்களே மேடம்."

இரண்டாவது இடம் பழைய கட்டடம். சுண்ணாம்பு உதிர்கிறது. மனநல ஆணையப் பதிவு முன்கூடத்திலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மனநல மருத்துவர் தினமும் வருகிறார், இரவில் நர்ஸ் இருக்கிறார். நோயாளிகள் அவரவர் லுங்கி, அவரவர் சட்டையில் இருந்தார்கள். எல்லோர் தலையிலும் முடி. கூடத்துச் சுவரில் பெரிய கடிகாரமும் தினசரி நாட்காட்டியும் இருந்தன. தாள் அன்றைய தேதி வரை கிழித்திருந்தது. நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சமையலறையையும் கழிவறையையும் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தார்.

கவுன்சிலர் எங்களிடம் ஒரு நிபந்தனை வைத்தார். மனைவியும் இன்னொருவரும் வாரம் இரண்டு நாள் குடும்ப வகுப்புக்கு வர வேண்டும். "வர முடியலன்னா வேற எடம் பாருங்க" என்று மரியாதையாகவே சொன்னார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அவனே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தான். கையெழுத்து நேராக இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

குடும்ப வகுப்பு. இன்று என் முறை. அவனுக்காக நான் அடைத்த கடன்கள், பட்டறைக்கு நான் சொன்ன பொய்க் காய்ச்சல்கள், அம்மாவிடம் மறைத்த அடிதடிகள், எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். நாலு பக்கம் வந்தது. அவன் விழாமல் இருக்க நான் போட்டதாக நினைத்த முட்டுகள்தான் குடி விழாமல் தாங்கியிருக்கின்றன என்று என் கையெழுத்திலேயே படிக்க வேண்டியிருந்தது. நிறைய அழுதேன்.

சென்னை சாந்தி ரங்கநாதன் கதையைக் கவுன்சிலர் சொன்னார். கணவரைக் குடிநோய்க்கு இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். அமெரிக்கா போய் இந்தச் சிகிச்சையைக் கற்றுவந்து, கணவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையை 1980-ல் தொடங்கினார். டிடிகே மருத்துவமனை என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை என்பதை அங்கே தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தினார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த அம்மாள் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டிவைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "வேலைக்கு வெளியூர் போயிருக்கான்" என்று இன்று காலை வரை தெருவில் சொல்லிக்கொண்டிருந்த நான் அதை நிறுத்திவிட்டேன். சிகிச்சையில் இருக்கிறான் என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அந்த எடத்து நம்பர் தர்றியா? என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு."

செப்டம்பர் 24, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் ஒரு தாள். வாரம் ஒருநாள் ஓபி. அகாம்ப்ரோசேட் மாத்திரை, குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க. வலிப்பு வந்தவன் என்பதால் டைசல்ஃபிராம் வேண்டாமென்று டாக்டர் விட்டுவிட்டார். செவ்வாயும் சனியும் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய அமைப்பு. கட்டணம் கிடையாது, குடியை விட ஆசை இருந்தால் போதும். தாளின் கடைசியில் சிவப்பு மையில் ஒரு வரி: ஆயுதபூஜை, கவனம்.

அக்டோபர் 3, வெள்ளி

அந்தச் சிவப்பு வரி பலித்துவிட்டது.

பட்டறைகளில் ஆயுதபூஜை அன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை கொடுத்த கையோடு சரக்கும் கொடுப்பார்கள். பூஜை முடிந்ததும் பகலிலேயே மனைவியோடு கிளம்பிவிடுவது என்று திட்டம். குழந்தைக்கு உடம்பு சுடவே அவள் போகவில்லை. அவன் ஒரு குவாட்டர் குடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வந்தான்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு மாசக் காசும் போச்சு. அந்த ஆறு மாச எடத்துக்கே அனுப்பு."

நேற்று காலை, நாங்கள் யாரும் சொல்லாமல், அவனே கவுன்சிலருக்குப் போன் போட்டான். "சார், வழுக்கிட்டேன்." இந்த இரண்டு வார்த்தைக்கு நாங்கள் செலவழித்த காசு தகும்.

இன்று டாக்டர் பார்த்தார். அதே ஆறு கேள்வி. ஒன்றரை மாதம் சுத்தமாக இருந்த பிறகு ஒரே ஒரு நாள். நடுக்கம் இல்லை, மீண்டும் உள்ளே சேர்க்கத் தேவையில்லை. ஆனால் வாரம் ஒருநாள் போதாது. அடுத்த ஆறு வாரத்துக்கு வாரம் மூன்று நாள் வர வேண்டும். வேலையிடத்தை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒரு படி ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான். சர்க்கரை ஏறினால் மாத்திரை அளவைக் கூட்டுகிற மாதிரி. அம்மாவுக்கு இதை நானே உட்கார்ந்து விளக்கினேன். இந்த முறை விடவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இன்று 44-ஆவது நாள். அரியமங்கலத்தில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்திருக்கிறான். சம்பளம் குறைவு. முதலாளி குடிப்பதில்லை. போன வாரம் டிக் வெல்டிங்குக்கு ஒரு குழாய் கொடுத்தார்களாம். எக்ஸ்ரே முடிவு இன்னும் வரவில்லை.

சாயங்காலம் எங்கள் வங்கிக் கிளை ஒன்றிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எதிர்வீட்டு அக்கா வழியாக என் எண் கிடைத்திருக்கிறது. "எங்க வீட்டுக்காரரைச் சேக்கணும்க்கா. எந்த சென்டர் நல்லா இருக்கும்?"

கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டேன். நேற்று மத்தியானம், இனி தொட மாட்டேன் என்று சாமி படத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறார் என்றாள். கை நடுங்குகிறதா? நடுங்குகிறது, சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. முன்பு வலிப்பு? ஒரு தடவை.

"சென்டரை நாளைக்குப் பாத்துக்கலாம்மா. இப்பவே பெரியாஸ்பத்திரி கேஷுவால்டிக்குக் கூட்டிட்டுப் போ. வர மறுத்தா 108-க்கு அடி. போற வழியில 14446-க்குப் பேசு, அரசாங்கத்தோட போதை மீட்பு உதவி எண், இலவசம். டாக்டர்கிட்ட கடைசியா குடிச்ச நேரத்தையும் வலிப்பு வந்ததையும் மொதல்ல சொல்லு. உன் மாமியார்கிட்டயும் சொல்லிட்டுக் கிளம்பு."